ஓடுகிற சர்வருக்குள் ஒரு கை

லாங்யியர்பியனில் டிசம்பர் முழுக்க இரவுதான். அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடு வரை அடிவானத்துக்கு மேல் வராது. வந்த பிறகும் சுற்றியுள்ள மலைகள் மறைத்துக்கொள்வதால், ஊருக்குள் முதல் வெயில் விழ மார்ச் 8 வாக்கில் ஆகிவிடும். அட்லஸில் விரல் வைத்து நார்வேயின் வடக்கு விளிம்பைக் கடந்து, கடலையும் கடந்து, 78 டிகிரி வட அட்சரேகை வரைக்கும் போனால் ஸ்வால்பார்ட் தீவுகள். அவற்றின் தலைமை ஊர் இது. மக்கள்தொகை ஏறத்தாழ 2,500.

ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோ வழியாகப் போனேன். டிரோம்சோவில் எல்லாரையும் இறக்கி பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. 1920-ல் பாரிசில் எழுதப்பட்ட ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரிலும் ஒரு கையெழுத்து உண்டு. தீவுக்குள் நுழைய விசா கிடையாது. வழியில் நார்வேயை மிதிப்பதற்கும், திரும்பும்போது மறுபடி மிதிப்பதற்கும்தான் விசா. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் இதே தீவில்தான், இன்னும் வடமேற்கே நி-ஓலெசுன் என்ற சிற்றூரில், 2008-லிருந்து இயங்குகிறது. அந்த ஊரில் வைஃபையும் புளூடூத்தும் போடக் கூடாது. விண்வெளியின் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவிகள் அங்கே இருக்கின்றன. மனிதர்களின் சத்தம் அதற்கு இடைஞ்சல்.

சர்வர் பராமரிப்பு என் தொழில். சென்னையில் உட்கார்ந்தபடி எங்கெங்கோ ஓடும் பெட்டிகளைத் திரையில் கவனித்துக்கொள்வோம். கை வைக்க வேண்டிய வேலையைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் ஆட்களே பார்த்துவிடுவார்கள். இந்த முறை நேரில் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பெட்டிக்குள் ஒரு கார்டை மாற்ற வேண்டும். பெட்டி நிற்கக் கூடாது. யாருடைய கட்டடம், யாருடைய பெட்டி என்பது இங்கே வேண்டாம். அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொன்னால் போதும்: வானத்தைப் பதிவு செய்கிறது.

துருவ ஒளி என்றால் நடுராத்திரியில் ஆடும் பச்சைத் திரைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பகலிலும் துருவ ஒளி உண்டு என்பது எனக்கு அங்கே போகும் முன் தெரியாது. பூமியின் காந்தப் புலத்துக்குத் துருவங்களை ஒட்டி, சூரியனை நோக்கிய பக்கத்தில், புனல் வடிவில் ஒரு வாய் இருக்கிறது. சூரியக் காற்றின் துகள்கள் அதன் வழியே நேராகக் காற்று மண்டலத்துக்குள் இறங்குகின்றன. ஸ்வால்பார்ட் நாள்தோறும் காலை 10 மணியை ஒட்டி அந்த வாய்க்கு நேர் கீழே வருகிறது. அந்த நேரத்தில் இருட்டாக இருந்தால்தான் அந்த ஒளி தெரியும். காலை 10 மணிக்கு இருட்டாக இருக்கும் நிலம், அதுவும் மனிதர் வசதியாகப் போய் வரக்கூடிய நிலம், உலகத்தில் அரிது. நடுக்குளிர்காலத்தில் இங்கே உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்துக்கு 11 டிகிரிக்கும் கீழேதான் கிடக்கிறது. பகல் நேரத்துத் துருவ ஒளி பெரும்பாலும் சிவப்பு, ஆக்சிஜன் அணுக்களின் 630 நானோமீட்டர் ஒளி. 200 கிலோமீட்டருக்கும் மேலே எழுவது, மங்கலானது, கண்ணுக்கு எளிதில் எட்டாதது. கேமராவுக்கு எட்டும். ஊருக்கு வெளியே பிரெய்னோசா மலையில் இதற்காகவே ஓர் ஆய்வகம் 2008-லிருந்து நடக்கிறது. கூரை நெடுகக் கண்ணாடிக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கருவி. நான் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

நான் தேடிப் போன பெட்டி ஊருக்குள்ளேயே ஒரு சிறிய அறையில் இருந்தது. பல கருவிகளின் படங்களும் அளவுகளும் அதில் வந்து சேர்கின்றன. துருவ இரவில் கருவிகளுக்கு ஓய்வு கிடையாது. காலையில் பகல் பக்கத்து ஒளி, இரவில் இரவுப் பக்கத்து ஒளி, 24 மணி நேரமும் பதிவு. புதிய கருவிகள் சில, சர்வர் கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் தம்மிடமே சேர்த்து வைத்துக்கொள்ளும். பழைய கேமராக்களுக்கு அந்த வசதி இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத படம் போனது போனதுதான். ஒரு ரீஸ்டார்ட் என்றால் அத்தனை நினைவகத்தையும் சோதித்து எழுந்து வர அந்தப் பெட்டிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு காந்தப் புயலின் உச்சம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து முடிந்துவிடலாம். அதை மறுபடி காட்டும்படி யாரிடமும் கேட்க முடியாது.

பெட்டியில் நெட்வொர்க் கார்டுகள் இரண்டு. ஒன்று விழுந்தால் மற்றது சுமக்கும்படி பாண்டாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று நோய்ப்பட்டிருந்தது. திருத்திக்கொண்ட பிழைகள் என்று லாகில் வரிவரியாக ஏறிக்கொண்டே வந்தன. 8 தடங்களில் பேச வேண்டிய கார்டு 4 தடங்களுக்கு இறங்கியிருந்தது. வேலை நடக்கிறதே என்று விட்டுவைக்கவும் முடியாது. இன்றைக்குத் திருத்த முடிகிற பிழை நாளைக்குத் திருத்த முடியாததாக மாறினால், அந்தக் கார்டோடு பெட்டியே விழுந்துவிடக்கூடும்.

மாற்றுக் கார்டு எனக்கு முன்பே சரக்கு விமானத்தில் வந்து, சூடு இல்லாத கிடங்கு ஒன்றில் கிடந்திருந்தது. வெளியே மைனஸ் 14 டிகிரி. சர்வர் அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி அந்தக் கார்டை உறையோடு கொண்டுவந்து ரேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். உறையைப் பிரிக்கப் போன என்னைத் தடுத்துவிட்டார்.

"நாளைக் காலை வரை திறக்காதீர்கள். இப்போது திறந்தால் கார்டு முழுக்க வேர்த்துவிடும்."

அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பலகை மேல் படிந்து தண்ணீராகிவிடும். உறை மூடியபடியே இருந்தால் அந்தத் துளிகள் உறையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். உள்ளே கார்டு மெல்ல மெல்ல அறைச் சூட்டுக்கு வரும். சென்னையில் வேலை செய்கிற எங்களுக்கு ஈரம் பழக்கம், இந்தத் திசையிலிருந்து வரும் ஈரம் பழக்கமில்லை.

அதனால் ஊரைப் பார்க்க நேரம் கிடைத்தது. தரையடியில் எப்போதும் உறைந்த மண். வீடுகளின் சூடு அதை இளக்கிவிடாதபடி கட்டடங்களைக் கால்கள் நட்டு உயர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர், வெந்நீர் குழாய்களும் மண்ணுக்கு மேலேயே மூட்டை மூட்டையாகப் போர்த்தி ஓடுகின்றன. மலைச் சரிவுகளில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் மரச் சாரங்கள் அப்படியே நிற்கின்றன. 1906-ல் நிலக்கரிக்காகத் தொடங்கிய ஊர். மின்சாரத்துக்கு நிலக்கரி எரிப்பதை 2023-ல்தான் நிறுத்தினார்கள்.

ஊருக்கு மேற்கே மேட்டுச் சமவெளியில் ஸ்வால்சாட் செயற்கைக்கோள் நிலையம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்கள். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள் நாளுக்கு 14 முறை அளவில் உலகைச் சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு சுற்றும் இந்த மலைக்கு எட்டும் தூரத்தில் வந்துதான் போகும். அந்தத் தரவையெல்லாம் நார்வேக்குக் கொண்டுபோகக் கடலடியில் இரண்டு ஃபைபர் கேபிள்கள், ஒவ்வொன்றும் 1,300 கிலோமீட்டருக்கு மேல், 2004 ஜனவரியிலிருந்து வேலை செய்கின்றன. 2022 ஜனவரி 7 அன்று அதில் ஒன்று பழுதாயிற்று. தீவு தொடர்பை இழக்கவில்லை, மற்றது சுமந்தது. நான் மறுநாள் தொடப்போகும் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான், ஒரு சாண் அகலத்துக்குள். ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டு வைத்தவர்களை நான் மனசார மதிக்கிறேன். செலவுக் கணக்கில் அந்த இரண்டாவதை முதலில் வெட்டச் சொல்கிற கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நிறுத்தாமல் பழுது பார்ப்பது என்ற பிடிவாதம் முதலில் தொலைபேசிக்காரர்களுடையது. 1965-ல் நியூஜெர்சியின் சக்கசன்னாவில் பெல் நிறுவனம் முதல் பெரிய மின்னணு தொலைபேசி நிலையத்தை இயக்கியபோது, அவர்கள் வைத்த இலக்கு 40 ஆண்டில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது. நள்ளிரவில் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்காக ரிசீவரை எடுக்கும்போது டயல் டோன் இருக்க வேண்டும் அல்லவா? அதன் பிறகு வங்கிகள். 1974-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டாண்டம், எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வைத்து, ஓடும்போதே பாகத்தை மாற்றக்கூடிய கணினிகளைச் செய்தது; 1976-ல் முதல் இயந்திரம் சிட்டி வங்கிக்குப் போயிற்று. அவை விலை கூடிய தனி இனம். சாதாரண சர்வருக்கு இந்த வசதி வந்தது 1997-ல். பிசிஐ ஸ்லாட்டில் ஓடும்போதே கார்டு மாற்றுவதற்கான முதல் விதிமுறை அந்த ஆண்டு வெளியானது. அதற்கு முன்நின்று உழைத்தவர்களில் காம்பாக் முக்கியமானது. அதே ஆண்டில் டாண்டமையும் காம்பாக் வாங்கிக்கொண்டது. 2001-ல் லினக்ஸுக்குள்ளும் இந்தக் கார்டு மாற்றும் வசதி நுழைந்தது.

இருந்தும் எங்கள் தொழிலில் இந்த வசதியைக் கையால் செய்து பார்த்தவர்கள் குறைவு. இன்று பெரும்பாலான இடங்களில் ஒரு சர்வர் போனால் வேலையைப் பக்கத்துச் சர்வருக்குத் தள்ளிவிட்டு, இதை நிறுத்தி, நிதானமாகத் திறக்கிறார்கள். வட்டுகளையும் பவர் சப்ளைகளையும் ஓடும்போது உருவுவது தினசரி வேலை. கார்டு அப்படியல்ல. பக்கத்துச் சர்வர் என்று ஒன்று இல்லாத இடங்களில்தான் அது வேண்டியிருக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை அப்படிப்பட்ட இடம்.

மறுநாள், காலை நேரத்துச் சிவப்பு ஒளி கடந்து போகட்டும் என்று மதியம் வரை காத்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கருநீலம். கட்டட வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். சுரங்கத் தொழிலாளிகள் கரித்தூளை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்க ஏற்படுத்திய பழக்கம், ஊர் முழுக்க இன்றும் நடக்கிறது. ஆகவே கம்பளிக் காலுறையோடு நடந்து போனேன். கதவின் இரும்புப் பிடியைத் தொட்டதும் சுருக்கென்று ஒரு பொறி. மைனஸ் 14 டிகிரிக் காற்றில் ஈரமே இராது. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும். வறண்ட காற்றும் கம்பளியும் சேர்ந்தால் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். நமக்குச் சுருக்கென்று உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகள் சாவதற்கு 100 வோல்ட் போதும். நமக்குத் தெரியாமலேயே கொன்றுவிடலாம் என்று அர்த்தம். மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கட்டி, அதன் முதலைவாய்க் கவ்வியை ரேக்கின் வண்ணம் பூசாத உலோகத்தில் கவ்வவிட்ட பிறகுதான் வேறு எதையும் தொட்டேன்.

பெட்டியை ரேக்கின் சறுக்குத் தண்டுகளில் வெளியே இழுத்து மூடியைத் திறந்ததும் மின்விசிறிகள் அலறத் தொடங்கின. காற்று வழி கலைந்தால் அவை தானே வேகம் கூட்டிக்கொள்ளும். மூடியை நெடுநேரம் திறந்து வைக்கக் கூடாது. உள்ளே ஸ்லாட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு. வெளியே வரும் கார்டு ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கார்டில் உரசாமல் இருக்க. ஒவ்வொரு ஸ்லாட்டின் ஓரத்திலும் ஒரு தாழ்ப்பாள், ஒரு சிறு பட்டன், இரண்டு விளக்குகள். பச்சை எரிந்தால் ஸ்லாட்டில் மின்சாரம் இருக்கிறது, தொடாதே. ஆரஞ்சு மினுக்கினால் நீ தேடும் ஸ்லாட் இதுதான். நின்று எரிந்தால் கோளாறு. சென்னையிலிருந்து நண்பர் அந்த ஆரஞ்சை மினுக்கவிட்டார். மூன்றாவது ஸ்லாட். ஃபைபர் கேபிள்களில் ஒட்டியிருந்த சீட்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டேன். சென்னையில் அப்போது மாலை ஐந்தரை. கான்ஃபரன்ஸ் அறையில் டீ டம்ளர் சத்தம் போனில் கேட்டது.

"அண்ணே, பாண்ட்லேருந்து அந்தக் கார்டை எடுத்தாச்சு. டிராஃபிக் எல்லாம் ரெண்டாவதுல போகுது. பட்டனை அழுத்துங்க."

அழுத்தினேன். பச்சை மினுக்கத் தொடங்கியது. இந்த மினுக்கலை வடிவமைத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. 5 விநாடி அவகாசம் தருகிறார்கள். தவறான ஸ்லாட் என்று தோன்றினால் அதற்குள் இன்னொரு முறை பட்டனை அழுத்தினால் போதும், எதுவும் நடக்காதது போல எல்லாம் பழையபடி. அவகாசம் முடிந்த பிறகுதான் இயங்குதளம் டிரைவரிடம் சொல்கிறது. டிரைவர் கையிலிருக்கும் வேலையை முடித்து விலகுகிறது. கார்டின் முகவரிகள் திரும்பப் பெறப்படுகின்றன. கடைசியில் அந்த ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் மின்சாரம் நிற்கிறது. சொல்லாமல் பிடுங்கினால் என்ன ஆகும்? டிரைவர் கார்டிடம் ஏதோ கேட்கும். அங்கே ஆள் இல்லை. இல்லாத கார்டைக் கேட்டால் எல்லா இலக்கங்களும் ஒன்றாகவே பதில் வரும், 32 இடத்திலும் 1. அது பதில் அல்ல, வெறுமை என்று புரிந்துகொள்ளத் தெரியாத டிரைவர் அதை உண்மையான எண் என்று நம்பிப் பெட்டியையே கவிழ்த்துவிடும்.

பச்சை அணைந்தது.

"லைட் ஆஃப் ஆயிடுச்சா அண்ணே?"

"ஆயிடுச்சு."

"லிஸ்ட்ல இப்ப இல்ல. எடுங்க."

கேபிள்களைக் கழற்றி, தாழ்ப்பாளைத் திறந்து, இரு முனையையும் பிடித்து நேராகத் தூக்கினேன். வந்துவிட்டது. சுற்றிலும் விசிறிகள் ஓடுகின்றன, அடுத்த ஸ்லாட்டின் பச்சை நின்று எரிகிறது, என் கை அந்தக் காலி இடத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண்மணி மடிக்கணினியில் கேமராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

புதுக் கார்டின் உறையை அப்போதுதான் கிழித்தேன். உலர்ந்து, அறைச் சூட்டில் இருந்தது. அதன் விளிம்பில் தங்கப் பூச்சுப் பட்டைகள் வரிசையாக இருக்கும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் இரு ஓரங்களிலும் சில பட்டைகள் மற்றவற்றைவிடக் குட்டையாக இருப்பது தெரியும். கார்டு வந்துவிட்டது என்று பெட்டிக்குச் சொல்பவை அவை. குட்டையாக இருப்பதால் எல்லாப் பட்டைகளும் சேர்ந்த பிறகே அவை தொடும். எடுக்கும்போது முதலில் விடும். இரு ஓரத்திலும் இருப்பதால், கோணலாகச் செருகினால் ஒரு பக்கம் தொட்டாலும் மறுபக்கம் தொடாது. ஒரு மில்லிமீட்டர் அளவிலான குறைப்பில் இவ்வளவு யோசனை.

செருகித் தாழ்ப்பாளை மூடி, பட்டனை அழுத்தினேன். இங்கேதான் பெரிய ஆபத்தை அமைதியாகக் கடக்கிறார்கள். கார்டில் உள்ள மின்தேக்கிகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. 12 வோல்ட்டை ஒரே அடியாகத் திறந்துவிட்டால் அவை மொத்தமாக இழுக்கும். தெருவில் எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாததுபோல, மற்ற ஸ்லாட்டுகளில் வோல்ட் தாழ்ந்து ஓடும் கார்டுகள் விழுந்துவிடும். அதனால் ஸ்லாட்டுக்கு முன்னால் நிற்கும் ஒரு சுற்று, மின்சாரத்தைச் சரிவாக, சில மில்லிவிநாடி எடுத்து ஏற்றுகிறது. பிறகு கார்டும் பெட்டியும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, எத்தனை தடத்தில், என்ன வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்கின்றன. முகவரிகள் ஒதுக்கப்படுகின்றன. பழைய கார்டு இருந்த இடத்தில் அதே வகைக் கார்டு என்பதால் ஒதுக்கி வைத்த இடம் போதும்; அதிகம் கேட்கும் வேறு கார்டாக இருந்திருந்தால் இந்த இடத்தில் முட்டிக்கொண்டிருக்கும்.

பச்சை மினுக்கி, பிறகு நின்று எரிந்தது.

"வந்துடுச்சுண்ணே! எட்டுத் தடமும் வந்துடுச்சு."

கேபிள்களைச் செருகியதும் நண்பர் கார்டைப் பாண்டில் சேர்த்தார். லாகில் பிழை வரிகள் ஏதும் இல்லை. மூடியைப் போட்டதும் விசிறிகள் இறங்கின. பட்டனை முதன்முதலில் அழுத்தியதிலிருந்து சர்வர் தன் நேரக் கணக்கை ஒரு விநாடிகூட விடவில்லை.

பெண்மணி அன்றைய நாளின் வானத்தை ஒரே பட்டையாகத் திரையில் விரித்துக் காட்டினார். வடக்கிலிருந்து தெற்கு வரையிலான வானத்தின் ஒரு மெல்லிய கீற்றை நிமிடத்துக்கு நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய படம் அது. காலை 10 மணியை ஒட்டி சிவப்புக் கறை ஒன்று; நான் வேலை செய்த நேரத்தில் கறுப்பு, சில நட்சத்திரக் கோடுகள். இடையில் எங்கும் வெட்டு இல்லை. கண்ணால் எனக்குத் தெரியாமல் போன அந்தச் சிவப்பை அந்தத் திரையில்தான் பார்த்தேன். நான் தூங்கி எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு நேர் மேலே நடந்திருக்கிறது.

பழைய கார்டை அதே உறையில் போட்டு நாடா ஒட்டினோம். பதிவேட்டில் அவர் ஸ்லாட் எண், இரு கார்டுகளின் வரிசை எண், நேரம் எல்லாம் எழுதினார். பிறகு பெட்டியின் மூல மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதைப் பற்றிப் பேசினோம். அதற்கு வேறு வழியே இல்லை, பெட்டியை முழுக்க நிறுத்தித்தான் ஆக வேண்டும். எப்போது செய்யலாம் என்று கேட்டேன். ஏப்ரல் 20-லிருந்து ஆகஸ்ட் 23 வரை இங்கே சூரியன் மறைவதில்லை. துருவ ஒளிக் கேமராக்களுக்கு அப்போது வேலை இல்லை. மே மாதப் பக்கத்தைப் புரட்டி அங்கே ஒரு வரி எழுதினார்.

"அதற்கு நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். சென்னையிலிருந்தே திரையில் பாருங்கள். ஸ்விட்சை நான் அணைக்கிறேன்."